உண்டியல் மரம்

முப்பத்தெட்டு. அடுத்து ஒரு வெள்ளைக் கார், முப்பத்தாறு. நாசமாப் போக, இவனும் மெதுவாத்தான் வர்றான். பாலத்து இறக்கம், நேர் ரோடு, குறுக்க ஒரு ஆடு மாடு கிடையாது, உனக்கென்னடா கேடு, கொஞ்சம் மிதிச்சு வந்தா என்ன, மாமியார் வீட்டுக்கு முதத் தடவை போற மாப்பிள்ளை கணக்கா இப்படியா அடக்க ஒடுக்கமா வருவ? மூணுகால் ஸ்டாண்டுல நிக்கிற ஸ்பீட் மெஷினுக்குப் பின்னால உக்காந்து ஒத்தக் கண்ணால பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. அந்தா ஒரு மீன் வண்டி வருது. மீன் வண்டிக்காரன் எப்பவும் பறப்பான், ஐஸ் கரையறதுக்குள்ள சந்தைக்குப் போகணும் அவனுக்கு. வா ராசா வா, நீயாவது வா, ஐம்பது காட்டு, போதும். முப்பத்தொன்பது. த்தூ. ஜீப்பு நிழல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வறுகடலை கொறிச்சுக்கிட்டு இருக்கிற ஏட்டு எபனேசர், "இன்னைக்கு எல்லாரும் ரொம்ப ஒழுக்கமா வர்றாங்க மேடம்"ன்னாரு. அந்த மனுசன் கேலியாச் சொல்றாரா நிசமாச் சொல்றாரான்னு அவர் மீசையை வச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்பத்தான் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி உறைச்சுச்சு. நான் என்ன வேண்டிக்கிட்டு இருந்தேன் இப்ப? வேகமா வாடான்னுல்ல வேண்டிக்கிட்டு இருந்தேன்! தோள்ல நட்சத்திரம் குத்தின டிராஃபிக் எஸ்.ஐ. தவமணி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் மைக்கைப் பிடிச்சு மெதுவாப் போங்க கண்ணுங்களான்னு பேசுற தவமணி, மெதுவாப் போறவனைப் பாத்து நாசமாப் போகன்னு வையுறேன். நல்லா இருக்குடி உன் பொழப்பு. இதை வெளிய சொன்னா சிரிப்பாங்க.

இந்தப் புளியமரத்துக்கு டிரைவருங்க வச்ச பேரு உண்டியல் மரம். வர்றவன் போறவன் எல்லாம் காசு போட்டுட்டுப் போற இடமாம். எனக்கு முன்னாடி இருந்த எஸ்.ஐ. காலத்துலயே வச்ச பேரு, அதனால நான் கோவிச்சுக்கவும் வழியில்லை. இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்த மகராசன் யாரோ, நல்ல விவரமானவன். மரத்தோட தூரு அம்புட்டுப் பெருசு, ஜீப்பையே மறைச்சிரும். பாலத்துல இருந்து இறங்குற வண்டி தன்னால அறுபதைத் தொடும், காலு வைக்கவே வேண்டாம். பாலத்து முனையில நாப்பதுன்னு ஒரு போர்டு. அந்தப் போர்டு கதை தனிக்கதை. பாலம் கட்டுறப்ப வேலையாளுக ரோட்டுல நிக்கிறாங்கன்னு காண்ட்ராக்டர் நட்டு வச்சது. பாலம் முடிஞ்சு, ரிப்பன் வெட்டி, எல்லாருக்கும் லட்டு குடுத்து, காண்ட்ராக்டர் வேற ஊருக்கு வேற பாலத்துக்கே போயிட்டாரு, போர்டை மட்டும் ஒருத்தரும் பிடுங்கலை. இது எதுக்கு இன்னும் நிக்குதுன்னு நான் கேட்டதுக்கு எங்க இன்ஸ்பெக்டர், "இருந்துட்டுப் போகட்டும்மா, உன்னை என்ன பண்ணுது"ன்னு சிரிச்சாரு. சரிதான். போர்டு நாப்பதுங்குது, மெஷின் அறுபத்திரெண்டுங்குது, ரெண்டும் கவர்மென்ட்டு, நடுவுல நான் யாரு பேச. ஆனா இந்த இடத்துல இன்னைக்கு வரைக்கும் ஒரு நாய் அடிபட்டதில்லை. அடிபடுற இடம் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் வடக்க, பஞ்சு மில்லு விலக்கு. மில்லுப் பொண்ணுங்க ஷிப்டு முடிஞ்சு ரோட்டைக் கடந்து பஸ் ஏறுற இடம். அங்க மறைய மரம் கிடையாது, பொட்டல். தூரத்துலயே ஜீப்பைப் பாத்துட்டு எல்லாவனும் நல்லவனா மாறிருவான், கேஸ் விழாது. ஒருக்கா அங்க நின்னு பாத்தேன், வெறுங்கையோட போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். கேஸ் விழாத இடத்துல போலீஸுக்கு என்ன வேலைன்னாங்க.

நாப்பது. சரியா நாப்பது, ஒரு மில்லி ஏறவும் கூடாது இறங்கவும் கூடாதுன்னு வர்றான் பாரு, கில்லாடி. இன்னைக்கு ஏன் இப்படின்னு எனக்குத் தெரியும், ஏட்டுக்கும் தெரியும், ஏட்டுக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியும், அதனாலதான் அவர் கடலையைப் பாக்குறாரு. காலையில எங்களைத் தாண்டி தெக்க போச்சே டவுன் பஸ், அதோட வேலை. பஸ்ஸுன்னு சொன்னா பஸ்ஸா தானா பண்ணும்? டிரைவர் சீட்டுல இருந்து ஒரு ஓரப் பார்வை பாத்துட்டுப் போனாரே அழகுராஜா, எங்க வீட்டுக்காரர், கட்டின புருசன், அவரு வேலை. பாலத்துல ஏறினதுமே ஆரம்பிச்சிருப்பாரு. எதிர்ல வர்ற வண்டிக்கெல்லாம் லைட்டை ரெண்டு தடவை போட்டுக் காட்டுறது. அவரைப் பாத்து மத்த டிரைவருங்களும் தொத்திக்குவாங்க. டிரைவருங்க பாஷையில தலையைத் தட்டிக் காட்டினா முன்னால ஹெல்மெட் பிடிக்கிறாங்க, ரெண்டு தடவை லைட்டுன்னா முன்னால மெஷின் நிக்குது. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் குடுத்ததில்லை, ஆனா எல்லாருக்கும் தெரியும். டிரைவருன்னா வீட்டுல அண்ணன் தம்பி முகத்துல முழிக்க மாட்டான், ரோட்டுல எவனோ முன்னப்பின்ன தெரியாதவனுக்கு ஆயிரம் ரூபா மிச்சமாகணும்னு மட்டும் இவனுக்குத் துடிக்கும். நேத்து தோசை வைக்கும்போது கேட்டே கேட்டுட்டேன், எதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்கன்னு. "நான் என்னடி பண்ணேன்? மெதுவாப் போங்கப்பான்னு சொல்றேன். நீயும் அதத்தான சொல்ற?" "நான் சட்டப்படி சொல்றேன்." "நீ அவன் வேகமாப் போன பெறகு சொல்ற. நான் போறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். இதுல எது நல்லது, நீயே சொல்லு தவம்." அந்த தவம்ங்கிற கொஞ்சலைக் கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. தோசைக் கரண்டியை நங்குன்னு வச்சேன். "மெதுவாப் போறான், எது வரைக்கும்? மரம் வரைக்கும். மரம் தாண்டினதும் விட்டதைப் பிடிக்கணும்னு மிதிக்கிறான். அப்படி மிதிச்சா எங்க போய் நிக்கும் வண்டி? நேரா மில்லு விலக்குல. நீங்க காப்பாத்துறது எவன் உசுரையும் இல்லை, அவன் பர்ஸை." அதுக்கு மனுசன் சட்னில உப்பு கம்மின்னாரு. உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஆனா நான் சொன்ன பதில்ல எனக்கே ஒரு முள்ளு இருக்கு, அதை அவர்கிட்ட நான் காட்டலை. மரம் தாண்டினதும் மிதிக்கிறான்னா, மரத்துல நிக்கிறது யாரு? நான்ல நிக்கிறேன். சரி, அதை அப்புறம் பாப்போம். வெயிலு ஏறுது, தொப்பிக்குள்ள தலை அவியுது, பெல்ட்டுக்குக் கீழ வேர்க்குரு. கொஞ்ச முன்னாடி இன்ஸ்பெக்டர் போன்ல வந்தாரு. "என்னம்மா, எத்தனை?" "ரெண்டுங்கய்யா." "ரெண்டா? காலையில இருந்து உக்காந்து ரெண்டா? அங்க என்ன கல்யாண ஊர்வலமா போகுது?" அவரே தொடர்ந்தாரு. "எவனோ டவுன் பஸ்காரன் லைட் அடிச்சுக் காட்டுறானாம், எனக்குத் தகவல் வந்திருச்சு. திரும்பி வருவான்ல, நிறுத்து. அரசுப் பணிக்கு இடைஞ்சல்னு கேஸ் போடு. ஒரு பயலைத் தூக்கினா மத்தவனெல்லாம் அடங்கிருவான். போட்டுட்டு எனக்குச் சொல்ற. இல்லை, முடியலைன்னா இப்பவே சொல்லிரு, மலை செக்போஸ்ட்டுக்கு ஆள் கேக்குறாங்க, நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்." சரிங்கய்யான்னேன். வேற என்ன சொல்றது. அவருக்கு பஸ் தெரியும், டிரைவர் யாருன்னு தெரியாது. ஏட்டு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கிட்டே அந்தப் பக்கம் காக்காயைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மலை செக்போஸ்ட்டு. கல்யாணமான நாள்ல இருந்து நான் ஒரு ஊரு அவரு ஒரு ஊரு. ஞாயித்துக்கிழமை புருசன், தீவாளிப் புருசன்னு என் தங்கச்சி கிண்டல் பண்ணுவா. எத்தனை பேர் காலைப் பிடிச்சு, எத்தனை மனு குடுத்து, போன ஆடி கழிஞ்சுதான் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்து சேந்தோம். சண்டை போட்டாலும் ஒரே வீட்டுல இருந்து போடுறோம், அதுல உள்ள சுகம் தனியா கிடந்தவளுக்குத்தான் தெரியும். அதை விட்டுட்டு மலையில குளிர்ல வாழைத்தார் லாரியை எண்ணிக்கிட்டு உக்காரணுமா? மாட்டேன். சரி, கேஸ் போட்டா? அரசு பஸ் டிரைவர் மேல அரசுப் பணிக்கு இடைஞ்சல்னு கேஸ் விழுந்தா அன்னைக்கே சஸ்பெண்டு. விபத்தே இல்லாம ஓட்டினதுக்கு இந்த வருசம் மெடல் குடுக்கப் போறாங்கன்னு புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்காரு அந்த மனுசன். ஒரு கோழியைக் கூட அடிச்சதில்லை அவரு. அவர் கையில விலங்கு மாட்டாத குறையா நானே இறக்கி, நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் அதே வீட்டுக்குப் போய் தோசை ஊத்தணும்.   நான் எத்தனையோ பாத்தவ, இதையும் பாப்பேன்.

ஃபைனே கூடாதுன்னு சொல்றவன் எவனாவது எதிர்ல வந்தா செவுள்ல ரெண்டு விடுவேன், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஊர்ல பாதிப் பேரு நாங்க புடிக்கிற காசு எங்க வீட்டு உலையில கொதிக்குதுன்னு நினைக்கிறான். எங்கண்ணன் பொண்டாட்டியே கேட்டா, இந்த மாசம் நல்ல வசூலா தவமணின்னு. அடியே, அது கஜானாவுக்குப் போகுதுடி, எனக்கு வெயிலும் வேர்க்குருவும்தான் மிச்சம்னேன், அவ நம்பலை. முன்னாடி இருந்த ஊர்ல மார்க்கெட் முக்கு ஒண்ணு உண்டு, ஆட்டோக்காரன் ஒருத்தன் கூட பிரேக்கைத் தொட மாட்டான், வாரத்துக்கு ஒரு கிழவன் கிழவி விழும். நான் போய் நின்னேன். எதிர்லயே, வெட்டவெளியில, எல்லாரும் பாக்குற மாதிரி. போட்டேன் ஃபைனு, மாமன் மச்சான் பாக்காமப் போட்டேன். என்னைக் கண்டபடி ஏசினாங்க, ராட்சசின்னு பேரு வச்சாங்க, வச்சுட்டுப் போகட்டும். அப்புறம் அந்த முக்குல நான் நின்னாலும் நிக்காட்டியும் அவனுக காலு தானா பிரேக்குக்குப் போச்சு. காசு வலிச்சாத்தான் சில பேருக்குக் கண்ணு தெரியும். அது நான் கண்ணால கண்டது, எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அங்க மட்டும் ஏன் வேலை செஞ்சுச்சு, இங்க ஏன் உண்டியல்னு பேரு வந்துச்சு? அங்க நான் மறைஞ்சு நிக்கலையே. ஏட்டு, "டீ சொல்லட்டுமா மேடம்"ங்கிறாரு. டீ வேண்டாம், இந்த வெயில்ல எவன் குடிப்பான் டீ. நாப்பத்தொண்ணு வந்துச்சே ஒண்ணு, விட்டுட்டேன். ஒத்தக் கிலோமீட்டர் வேகம் கூடினதுக்கு ஆயிரம் ரூபா வாங்கினா நம்மை வழிப்பறிக்காரின்னுதான் சொல்லுவான்.

கட்டியாச்சுல்ல. வேண்டாம், அதை இப்ப நினைக்க வேண்டாம். கட்டியாச்சுல்ல, வழிய விடுங்க. எத்தனை தடவை தள்ளி விட்டாலும் திரும்ப வந்து நிக்குது இந்தச் சொல்லு. போன மாசம் இதே மரம், இதே நேரம், சாம்பக்கலர் கார் ஒண்ணு, மெஷின்ல அறுபத்தாறு. டிப்டாப்பான ஆளு, கண்ணாடி இறக்கவே யோசிச்சான். நாப்பது எதுக்கு இங்க, எந்த மடையன் வச்ச போர்டு இதுன்னு கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதனாலயே எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு, ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸு, புகைச் சர்டிபிகேட்டுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டு நிக்க வச்சேன். எல்லாம் சரியா வச்சிருந்தான். போனைக் காட்டி ஆயிரம் ரூபாயைக் கட்டினான். ஏட்டு ரசீதை நீட்டுறதுக்குள்ள, "அதான் கட்டியாச்சுல்ல, வழிய விடுங்க"ன்னுட்டு மிதிச்சான் பாருங்க, டயரு கத்துச்சு, புழுதி என் வாய்க்குள்ள வந்துச்சு. அந்தக் கட்டியாச்சுல்லங்கிறதுல ஒரு தெனாவட்டு, வேகத்துக்கு டிக்கெட் வாங்கியாச்சு இனி எவன் கேப்பாங்கிற மாதிரி. புழுதி அடங்குறதுக்குள்ள வயர்லெஸ் மைக்ல கூப்பிட்டுட்டாங்க, மில்லு விலக்குல பொம்பளைப் பிள்ளை ஒண்ணு அடிபட்டுக் கிடக்குன்னு. அதே கார். நாங்க போறப்ப அவன் ரோட்டோரத்துல தலையில கை வச்சு உக்காந்திருந்தான், அழுதான். பொண்ணு பேரு காளீஸ்வரி. உசுருக்குப் பயமில்லை, வலது கால்ல ரெண்டு எடத்துல முறிவு. அன்னைக்கு மாவட்டத்துலயே எங்களுக்குத்தான் அதிகக் கேஸு. சாயங்காலம் ஸ்டேஷன்ல மைசூர்பாகு குடுத்தாங்க. நானும் வாங்கித் தின்னேன், தின்னுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பிள்ளை கட்டுப்போட்ட காலைத் தூக்கி வச்சுப் படுத்திருந்துச்சு, என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துச்சு, யூனிபாரத்தைக் கண்டா நம்ம சனங்களுக்கு அப்படி ஒரு பழக்கம். "நீங்க புளியமரத்துக்கிட்ட நிப்பீங்கள்லக்கா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "எங்க விலக்குல வந்து நின்னா எங்களுக்கு ஒத்தாசையா இருக்குமேக்கா"ன்னுச்சு. குத்தம் சொல்லலை, கோவம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு சொம்பு தண்ணி கேக்குற மாதிரிக் கேட்டுச்சு. பாக்குறேம்மான்னு சொல்லிட்டு வெளிய வந்து படிக்கட்டுல நின்னு அழுதேன். எனக்கு அழுகை லேசுல வராது.

என் தப்பு இல்லை. சட்டப்படி நிறுத்தினேன், சட்டப்படி போட்டேன், ரசீது இருக்கு. ஆனா நான் நிறுத்தாம விட்டிருந்தா அவன் அந்த நேரத்துக்கு விலக்கைத் தாண்டி டவுனுக்கே போய்ச் சேந்திருப்பான். நான் அந்தப் புகைச் சர்டிபிகேட்டைக் கேக்காம இருந்திருந்தாலும் தாண்டியிருப்பான். அப்ப வேற எவனாவது இடிச்சிருப்பான்னு சொல்லலாம். சொல்லிப் பாக்குறேன், மனசு ஏத்துக்க மாட்டேங்குது. மாட்டேங்குதுன்னா விட்டுத் தள்ளு தவமணி, வேலையைப் பாரு. இப்ப வேலை என்ன? கேஸ் எழுதணும். எழுதிப் பாப்போம், மனசுக்குள்ளயே எழுதிப் பாப்போம். மேற்படி பேருந்தின் ஓட்டுநர் எதிரே வந்த வாகனங்களுக்கு விளக்கை எரித்துக் காட்டி, காவல் துறையினரின் பணிக்கு இடைஞ்சல் செய்தார். சரி. எந்தப் பணிக்குன்னு எழுதணும்ல? மொட்டையா எழுதினா கோர்ட்டுல ஜட்ஜம்மா கேக்க மாட்டாங்களா? வாகனங்களின் வேகத்தைக் குறைக்கும் பணிக்கு. அப்படி எழுதினா அடுத்த கேள்வி என்ன வரும்? விளக்கை எரித்துக் காட்டியதால் வாகனங்கள் என்ன செய்தன? வேகத்தைக் குறைத்தன. அடப்பாவி! அப்ப இடைஞ்சல் எங்க இருக்கு? என் வேலையை எனக்குச் சம்பளமில்லாம அவருல்ல பாத்துக் குடுத்திருக்காரு. இல்லை, வேற மாதிரி எழுதுவோம். அபராதம் வசூலிக்கும் பணிக்கு. அப்படி எழுதினா கேஸ் கச்சிதமா நிக்கும், ஒரு ஓட்டை இருக்காது. ஆனா அப்படி எழுதி, கீழ பி. தவமணி, உதவி ஆய்வாளர்னு கையெழுத்துப் போட்டா, உண்டியல் மரம்னு பேரு வச்சவன் சொன்னது உண்மைன்னு நானே எழுதிக் குடுத்ததா ஆகுது. "ஏட்டய்யா, அரசுப் பணிக்கு இடைஞ்சல்னு போட்டா எந்தப் பணின்னு எழுதணும்ல?" எபனேசர் கடலைப் பொட்டலத்தை மடிச்சு சட்டைப்பையில வச்சாரு. "வழக்கமா எழுத மாட்டோம் மேடம். இடைஞ்சல்னு மட்டும் போட்டுருவோம்." "எழுதித்தான் ஆகணும்னா?" மீசையை நீவிக்கிட்டாரு. "எழுதித்தான் ஆகணும்னா, கேஸ் போடாம இருக்கிறது நல்லது மேடம்"ன்னாரு. அதைச் சொல்லும்போது மீசை லேசா ஆடுச்சு.

இது எனக்கு இவ்வளவு நாள் ஏன் தோணலை? அழகுராஜா சொன்னதும் பாதி, நான் சொன்னதும் பாதி. அவரு லைட் அடிச்சா வண்டி மெதுவாகுது, அதுல பொய் இல்லை. போலீஸ் நிக்கிற இடத்தைத் தாண்டினதும் மிதிக்கிறான், அதுலயும் பொய் இல்லை. அப்ப போலீஸ் நிக்கிற இடம் விலக்கா இருந்துட்டா? அவரு பாட்டுக்கு லைட் அடிக்கட்டும். எதிர்ல வர்றவன், எங்கயோ நிக்கிறாங்கடான்னு பாலத்துல இருந்தே உசாரா வருவான், மரத்துல பாப்பான், யாரும் இல்லை, இன்னும் முன்னால இருப்பாங்கன்னு மெதுவாவே வருவான், விலக்குல வெட்டவெளியில நான் நிப்பேன், அதையும் மீறி எவனாவது பறந்தான்னா அவனுக்கு ஃபைன் மட்டுமில்லை, வயித்துக் கலக்கலையே வர வைப்பேன். கேஸ் விழாது. விழாட்டிப் போகுது. என்னைத் தூக்கி மலையில போடுவாங்க. அது மட்டும்தான் பயம், பயம்தான், இல்லைன்னு சொன்னா பொய். மறுபடியும் ஞாயித்துக்கிழமை புருசன். மறுபடியும் வெறும் வீடு, ஒத்தப் பாயி.  இன்னும் கொஞ்ச நேரத்துல மில்லுச் சங்கு ஊதும், காளீஸ்வரியோட வேலை பாத்த பிள்ளைகள்ளாம் சோத்து டப்பாவும் கையுமா விலக்குக்கு வந்துருங்க. அந்தப் பிள்ளைக கடக்கிற நேரத்துக்கு நான் இங்க நிழல்ல உக்காந்து மெதுவாப் போறவனை வஞ்சுக்கிட்டு இருக்கணுமா? "ஏட்டய்யா, மெஷினைக் கழட்டுங்க." "எங்க மேடம்?" "விலக்குக்கு." "ஐயாகிட்டச் சொல்லிட்டு..." "நான் சொல்லிக்கிறேன். நீங்க கழட்டுங்க." எபனேசர் ஸ்டாண்டோட மூணு காலையும் மடக்கினாரு. முடிவு எடுத்த பெறகு எனக்குப் பசிச்சுச்சு, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைங்கிறதே அப்பத்தான் தெரிஞ்சது.

பாலத்து உச்சியில பஸ்ஸோட நெத்தி தெரிஞ்சது. ரோட்டுல இறங்கிக் கையைக் காட்டினேன். ரொம்ப மரியாதையா இடதுபக்கம் ஒதுக்கி, என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாரு. பஸ்ஸுல பாதிப் பேருக்கு என்னையும் தெரியும் அவரையும் தெரியும், கூடைக்காரம்மா ஒருத்தி ஜன்னல் வழியா மொத்த உடம்பையும் வெளிய நீட்டிட்டா. "என்ன மேடம், கேஸா?"ன்னு கேட்டாரு. வேலையில இருக்கிறப்ப மேடம்னுதான் கூப்பிடுவாரு. சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு, ஆனா லைசென்ஸை எடுத்து ரெடியா மடியில வச்சிருந்தாரு. எங்கயோ விஷயம் காதுக்கு வந்திருக்கு. "எழுதிக்க தவம், நான் தப்பா நினைக்க மாட்டேன்"ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னாரு. அந்த நேரம் பாத்து போன் அடிச்சுச்சு, இன்ஸ்பெக்டர். புருசன் கேக்கட்டும், பஸ்ஸே கேக்கட்டும்னு அங்கனயே நின்னு எடுத்தேன். "என்னம்மா, அவனைப் பிடிச்சாச்சா?" "பிடிச்சாச்சுங்கய்யா. முன்னாலதான் நிக்கிறாரு." "யாரு அவன்?" "என் வீட்டுக்காரருங்கய்யா." கூடைக்காரம்மா வாயில கையை வச்சா.  "கேஸ் போட்டாச்சா இல்லையா?" "கேஸ் போடலைங்கய்யா. டூட்டி போட்டிருக்கேன்." "என்ன?" "லைட் அடிக்கிற டூட்டிங்கய்யா. அவரு அடிப்பாரு, நான் மில்லு விலக்குல நிப்பேன். மெஷினை அங்க கொண்டு போறேன். மரத்துல இனி நான் நிக்க மாட்டேன்." அவரு கத்தினது போனைக் காதுல இருந்து எடுத்த பெறகும் கேட்டுச்சு. நாளைக்குக் காலையில ஆர்டர் கையில இருக்கும்னாரு, மூட்டையைக் கட்டி வைன்னாரு. "கட்டி வைக்கிறேங்கய்யா. இன்னைக்கு டூட்டியை முடிச்சிட்டுக் கட்டுறேன்"ன்னு சொல்லிட்டு வச்சேன். அழகுராஜாவோட சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியலை, கண்ணு கலங்கியிருந்துச்சு. "என்னடி தவம் இது, இப்பத்தான சேந்து இருக்கோம், எம்மேல எழுதியிருந்தா ஆறு மாசத்துல நான் சஸ்பெண்டுல இருந்து வெளிய வந்திருப்பேன்ல." நான் அங்க அழ மாட்டேன், அத்தனை பேர் பாக்குறாங்க. "பேசாம வண்டியை எடுங்க, சனம் காத்துக்கிட்டு இருக்கு"ன்னேன். கியரைப் போட்டவரு எடுக்காம என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் ஜன்னல்கிட்டப் போய், அவருக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொன்னேன்: "நான் நிக்காத அன்னைக்கும் அடிங்க."